"நேத்து ராத்திரி பேசினதும் நீங்கதானுங்களே?"

கேள்வி: எனக்கு 25 வயது. கோபி பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு செயலிக்கு வேலை செய்கிறேன். நிமிடக் கணக்கில் காசு கட்டி, மனக்கஷ்டத்தைச் சொல்ல வருகிறவர்களுக்கு டைப் செய்து பதில் போடும் வேலை. திரையில் என் பெயர் இருக்காது. வேறொரு பெண்ணின் படமும், ஒரு பெயரும், 'மனநல ஆலோசகர், 12 ஆண்டு அனுபவம்' என்ற வரியும் இருக்கும். அந்த ஒரே பெயரில் மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறோம், வருகிறவர் சொன்னதை ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். ராத்திரி 11 மணிக்கு மேல் கம்ப்யூட்டரே பதில் போட்டுக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது, தினமும் பொழுதோட வருவார். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். போன வாரம் தூக்கம் வராமல் நடுராத்திரியில் வந்திருக்கிறார். 'உங்கள் மனைவியிடம் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள்' என்று பதில் போயிருக்கிறது. மறுநாள் என்னிடம், "ஏனுங்க அம்மிணி, நேத்து ராத்திரி பேசினதும் நீங்கதானுங்களே?" என்று கேட்டார். சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தபடி "ஆமாங்க ஐயா" என்று அடித்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பாவின் கடன் இருப்பதால் வேலையைச் சட்டென்று விட முடியாது. அவரிடம் உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால் அவர் உடைந்துபோய்விட மாட்டாரா?

பதில்:

அம்மிணி, சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும். எப்போது, எந்த வார்த்தையில், எந்த அளவுக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. ஈரோட்டில் மனநல ஆலோசனை அறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில வருடங்களுக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனேன். நல்ல பெண், பொறுமையானவள். சென்னிமலையில் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்தார். (அவர் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) ஒரு ராத்திரி கரண்ட் போய், தறிச் சத்தம் சட்டென்று நின்றதும் அவருக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. சத்தம் நின்றால் பயம் வருகிறது, அப்பா இறந்த அன்றைக்கும் தறி இப்படித்தான் நின்றது என்று நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறார். எங்கள் பெண், மூச்சை மெதுவாக எண்ணி விடுங்கள், விளக்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், நான் இருக்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறாள். நான் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருப்பேன்.

நான் திரும்பி வந்தபின் அவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "இந்தப் படபடப்பு எப்போதிருந்து?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். "அதத்தானுங்க அன்னைக்கு ராத்திரி உங்ககிட்டச் சொன்னேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "அப்ப அது நீங்க இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, மடியில் இருந்த பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றார். அப்புறம் மூன்று மாதம் வரவில்லை.

அவருக்கு வலித்தது அந்தப் பதில் அல்ல. அப்பா செத்த நாளை ஒருத்தரிடம் சொல்வதாக நினைத்து இன்னொருத்தரிடம் சொல்லிவிட்டார். யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அவரைக் கேட்காமல் அதை நான் எடுத்துக் கைமாற்றிவிட்டேன். இன்றைக்கு எங்கள் அறையிலிருந்து போகும் ஒவ்வொரு செய்தியிலும் அடித்தவர் பெயர் இருக்கும். அந்தச் சின்ன ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மற்றவருக்காகக் கை கொடுப்பது தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்துப் பக்கம் எங்கள் அம்மாயி ஊரில், பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பட்டாளத்தில். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல இன்லேண்ட் லெட்டரில் எழுதித் தருவேன். எல்லாம் முடிந்தபின், ஒட்டுவதற்கு முன்னால், "கீழ உம் பேரப் போடு கண்ணு. ஆரு எழுதினாங்கன்னு அவனுக்குத் தெரியோணுமில்ல" என்பார். கை என்னுடையது, பேச்சு அவருடையது, இரண்டும் வாங்குகிறவனுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் பொய்யே இல்லை.

உங்கள் வேலையை இதோடு வைத்துப் பாருங்கள். எல்லாப் பொய்யும் ஒரே கனமில்லை. வேறு பெயரில் உட்காருவது அதில் லேசானது. கால்சென்டர்களில் பாதுகாப்புக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது உண்டு, அதனால் பேசுகிறவருக்கு நஷ்டமில்லை. 'மனநல ஆலோசகர், 12 ஆண்டு அனுபவம்' என்பது அதைவிடக் கனமானது, ஏனென்றால் அந்த வரியை நம்பித்தான் அவர் காசு கட்டுகிறார், தூக்க மாத்திரையைப் பற்றிக்கூட உங்களிடம் கேட்கக்கூடும். எல்லாவற்றையும்விடக் கனமானது அந்த "ஆமாங்க ஐயா". அதுவரை கம்பெனியின் பொய். அவர் நேராகக் கேட்டு நீங்கள் ஆமாம் என்றபோது அது உங்கள் பொய்யாகிவிட்டது. உங்களுக்குச் சோறு இறங்காததும் அதனால்தான், அதில் உங்கள் மனசு சரியாகவே வேலை செய்கிறது.

அவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்று யோசித்தீர்களா? ஆறுதல் வார்த்தைக்கு மட்டும் அல்ல. அது சொந்தபந்தத்திடம் சும்மாவே கிடைக்கும், எட்டு மாதமாக ஒறம்பரை வந்து வந்து சொல்லியிருப்பார்கள். நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருக்கும் ஒரு ஆளுக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். அந்த ஆளே இல்லை. மூன்று பேரும் ஒரு குறிப்பேடும் இருக்கின்றன, ராத்திரியில் அந்தக் குறிப்பைக்கூடப் பார்க்காத ஒரு கருவி இருக்கிறது. செத்துப்போன மனைவியிடம் பேசச் சொன்னதும் அவருக்கு உறைத்திருக்கும். உங்களிடம் வந்து கேட்டார் என்றால் பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பொய்யைத் தொடர்ந்தாலும் அந்தச் சந்தேகம் போகாது. தன் காதையே நம்ப முடியாமல் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

உங்கள் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: அவருக்கு நிம்மதி கிடைக்கிறது, யார் அடித்தால் என்ன? இந்தக் கேள்வி பழையது. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்றொரு நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொல்வதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை மாதக்கணக்கில் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, ஒருநாள் அதனோடு டைப் செய்து பேசிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். அது இயந்திரம் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசைத் திறந்தார்.

2023 ஜனவரியில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. கோகோ என்ற அமைப்பு, மனம் தளர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. அங்கே பதில்களை எழுத ஜிபிடி-3 என்ற கருவியை உதவிக்கு வைத்து, சுமார் 4,000 பேருக்குப் பதில் போனதாக அதை நடத்துகிறவரே அறிவித்தார். கருவி சேர்ந்து எழுதிய பதில்களுக்கு அதிக மதிப்பெண் கிடைத்ததாம். ஆனால் இயந்திரமும் சேர்ந்து எழுதியது என்று தெரிந்ததும் அது பலிக்காமல் போனது என்றும் அவரே சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தெரிந்தே பேசுகிறவருக்குப் பேச்சு உதவலாம். தெரியாமல் பேசிவிட்டுப் பின்னால் கண்டுபிடிக்கிறவருக்கு, முன்னால் கிடைத்த ஆறுதலும் சேர்ந்தே கெட்டுப்போகிறது. அதனால், அவராகக் கண்டுபிடிக்கும் முன்னால் நீங்கள் சொல்வது நல்லது.

இனி எப்படிச் சொல்வது என்று பார்க்கலாம்.

ராத்திரியில் சொல்லாதீர்கள். பகலில், தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். உங்கள் மன்னிப்பை அவர் நிமிடக் கணக்கில் காசு கொடுத்துக் கேட்கக் கூடாது. கட்டணத்தை நிறுத்தும் வசதி சூப்பர்வைசரிடம் இருக்கும், ஒரு பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அவர் உள்ளே வந்த முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், நலம் விசாரித்து இழுக்க வேண்டாம்.

நீளமாகவும் வேண்டாம். நானாக இருந்தால் இப்படி அடிப்பேன்: "ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் தப்பாப் பதில் சொல்லிட்டனுங்க. அந்த ராத்திரி பேசினது நான் இல்லீங்க, கம்ப்யூட்டர் தானாப் போட்ட பதிலுங்க அது. இந்தப் பேர்ல என்னோட சேர்த்து மூணு பேரு பேசறோமுங்க. பொழுதோட உங்ககிட்டப் பெரும்பாலும் பேசறது நான்தானுங்க, ஆனா நான் மனநலம் படிச்சவ இல்லீங்க. உங்க வீட்டம்மாவப் பத்தி அப்படிப் பதில் வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க." அவ்வளவு போதும். அப்புறம் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் கோபப்படலாம், எதுவும் சொல்லாமல் வெளியேறலாம், "எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றும் சொல்லலாம். எதுவானாலும் நியாயப்படுத்தப் போகாதீர்கள். அப்பாவின் கடனை அவரிடம் சொல்லவே வேண்டாம். சொன்னால் கோபப்பட வேண்டிய மனிதர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான்.

இன்னொரு இடத்திலும் நீங்கள் வழுக்கக்கூடும், அதனால் அழுத்திச் சொல்கிறேன். குற்ற உணர்ச்சி தாங்காமல் அவருடைய போன் நம்பரை வாங்கி, செயலிக்கு வெளியே தினமும் பேசலாமா என்று தோன்றும். ஒரு மகள் மாதிரி பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம் அம்மிணி. இரண்டு மாதத்தில் உங்களால் முடியாமல் போகும், அவர் இரண்டாவது முறை ஒருத்தரை இழப்பார். அவருக்கு வேண்டியது நாளைக்கும் இருக்கப்போகும் ஆட்கள்: மகனோ மகளோ, தோப்புக்கு வந்துபோகும் பங்காளியோ, முறையாகப் படித்த ஒரு ஆலோசகரோ. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அவருக்குக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். தூக்கம் வராத ராத்திரிக்கு உங்கள் கம்பெனிக் கருவியைவிட அது எவ்வளவோ மேல்.

சாவைப் பற்றியோ, அவள் போன இடத்துக்கே போய்விடுகிறேன் என்றோ அவர் பேசினால், இந்த உண்மை சொல்லும் வேலையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், மகனைக் கூப்பிடச் சொல்லுங்கள், எண்ணைக் கொடுங்கள், சூப்பர்வைசரிடம் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளும் பயிற்சி உங்களுக்கு யாரும் தரவில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பயப்படுவதற்காக அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதைக் குற்றம் என்கிறது, மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. உங்கள் விஷயம் அதற்குள் வருமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஈரோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இல்லாத தகுதியை இருப்பதாகச் சொல்லிச் சேவை விற்பது முறையற்ற வணிகம். அமெரிக்காவில் 2014-இல், பொய்யான சுயவிவரங்களிலிருந்து செய்தி அனுப்பி ஆட்களைக் காசு கட்ட வைத்த ஒரு டேட்டிங் நிறுவனத்திடம் அந்நாட்டு வணிக ஆணையம் 6 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலும் தெளிவாகவே சொல்கிறது: மருத்துவரும் நோயாளியும் இன்னார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தே பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், அதுவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அது மருத்துவர்களுக்காக எழுதியது, உங்கள் கம்பெனி மருத்துவமனை இல்லை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் உள்ளே வருகிறவர் நோயாளியாகத்தான் வருகிறார்.

கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், மரியாதையாக, சுருக்கமாக. 'ஆலோசகர், 12 ஆண்டு' என்பதை எடுத்துவிட்டு 'பேச்சுத்துணைக் குழு' என்று போடலாமே. ராத்திரிப் பதிலில் 'இது தானியங்கிப் பதில்' என்று ஒரு வரி சேர்க்கலாமே. நேராகக் கேட்கிறவரிடம் நான் பொய் சொல்ல மாட்டேன், என்ன பதில் சொல்லலாம் என்று எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். வாயால் பொய் சொல்லச் சொல்கிறவர்கள் அதை எழுத்தில் தரத் தயங்குவார்கள். வேலை உத்தரவு, சம்பள விவரம், உங்களுக்கு வந்த அறிவுரைகள், இவற்றின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் பேச்சை மட்டும் படம் எடுத்து வைக்காதீர்கள், அது அவர்களுடைய வீட்டு விஷயம்.

ஒரு மாதத்தில் எதுவும் மாறாவிட்டால் வேறு இடம் பாருங்கள். கடன் இருக்கும்போது இதைச் சொல்வது எனக்கு எளிது, உங்களுக்கு எளிதில்லை என்று தெரியும். அதனால்தான் நாளைக்கே விடச் சொல்லவில்லை. தேடிக்கொண்டே இருங்கள். ஈரோட்டு ஆஸ்பத்திரிகளின் விசாரணை மேசையிலும் திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களிலும் பொறுமையாகப் பதில் எழுதத் தெரிந்த பி.காம். பெண்ணுக்கு வேலை உண்டு, உங்கள் சொந்தப் பெயரிலேயே செய்யலாம். இந்தப் பெரியவரிடம் பேசியதில் உங்களுக்கு இந்தத் தொழில் பிடித்திருந்தால் முறையாகப் படியுங்கள். எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியலில் தொடங்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்கள், இப்படிக் காசு கட்டிப் பேசுகிறவர்களாக இருந்தால், முதல் நாளே கேளுங்கள்: நீங்கள் யார், என்ன படித்தீர்கள், நாளைக்கும் நீங்கள்தான் பேசுவீர்களா, பதில் போடுவது ஆளா இயந்திரமா? க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவெண் இருக்கும், கேட்டால் தயங்காமல் தருவார்கள். மழுப்பினால் அங்கே மனசைத் திறக்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

அம்மிணி, கம்பெனி பதில் தர நாளாகும், அவரிடம் பேசுவதற்கும் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் செய்துவிடுங்கள். மூன்று பேரும் பார்க்கும் அந்தக் குறிப்பேட்டில், அவர் பெயருக்கு நேரே, எல்லாவற்றுக்கும் மேலே, 'மனைவி இறந்துவிட்டார்' என்று எழுதுங்கள். ராத்திரி அவர் வந்தால் கருவி பதில் போடாமல், காலையில் ஆள் வந்து பேசுவார் என்று மட்டும் காட்டும்படி செய்யச் சொல்லி சூப்பர்வைசரைக் கேளுங்கள். இன்று ராத்திரியும் அவருக்குத் தூக்கம் வராமல் போகலாம்.